பதினொரு விநாடி

எங்கள் டிப்போவில் டிராம் எடுக்கப் போகிறவர்கள் எல்லோரும் முதலில் கம்பௌண்டர் வெனியமீனின் ஜன்னல் முன்னால் நிற்க வேண்டும். மணிக்கட்டை உள்ளே நீட்ட வேண்டும். அவர் நாடி பார்ப்பார். ஊதச் சொல்லி, நேற்றைய வோத்கா இன்னும் மீதியிருக்கிறதா என்று மோந்து பார்ப்பார். பிறகு தலை நிமிராமலே கேட்பார்:

"தூங்கினீங்களா?"

"தூங்கினேன்."

பதிவேட்டில் "நலம்" என்று எழுதுவார். அடுத்தவர் கையை நீட்டுவார்.

ரிம்மா யெகோரொவ்னா இருபத்திரண்டு வருஷம் இந்தப் பதிலைச் சொன்னவள். கடைசி ஆறு வருஷம் சொன்னது உண்மையில்லை. ஆனால் அதைப் பொய் என்று அவள் நினைத்ததும் இல்லை. வணக்கம் சொன்னவருக்குத் திருப்பி வணக்கம் சொல்வதுபோல வாயில் வந்துவிடும்.

படுப்பது எட்டரைக்கு, எழுவது மூன்றே முக்காலுக்கு. நடுவில் ஏழு மணி நேரம் கண்ணை மூடித்தான் கிடப்பாள். ஆனால் எழும்போது ராத்திரி முழுக்க மூட்டை இறக்கினவள் மாதிரி எழுவாள். நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டியிருக்கும், பின்மண்டை கனக்கும். முதல் கோப்பைக் கறுப்புத் தேநீர் நாக்கை நனைக்க மட்டும் போதும். இரண்டாவது கோப்பைக்குப் பிறகுதான் அன்று என்ன கிழமை என்று ஞாபகம் வரும்.

அவள் கணவன் அர்சேனி லிஃப்ட் பழுது பார்க்கிறவன். இரண்டு வருஷமாக அவனுக்குப் படுக்கை சமையலறையில். மடக்குக் கட்டிலை விரித்தால் தலை அடுப்புப் பக்கம் வரும், கால் குளிர்பெட்டிக்கு அடியில் போகும். ஒருநாள் காலையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னான்:

"குறட்டை விட்டா விட்டுட்டுப் போ ரிம்மா, அது பரவாயில்ல. அது நிக்குது பாரு, அப்பத்தான் பயமா இருக்கு. நான் சுவத்துக்கு இந்தப் பக்கம் எண்ணிக்கிட்டுக் கெடக்கேன். இருபது, இருபத்தஞ்சு... அப்புறம் தண்ணிக்குள்ள முங்கினவ மேல வந்த மாதிரி ஒரு இழுப்பு. உனக்கு மூச்சு வந்துருது. எனக்குத்தான் போயிருது."

"தூங்காம எதுக்கு எண்ணிக்கிட்டுக் கெடக்க?"

"பொண்டாட்டி செத்தாளா இருக்காளான்னு தெரியாமத் தூங்கறது எப்படின்னு நீயே சொல்லு."

அவள் காலணிக்குள் காலை நுழைத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள்.

எண்பத்தேழாம் வருஷம் செப்டம்பரில், பட்டப்பகல் இரண்டு மணிக்கு அது நடந்தது. ஊரே தோட்டத்தில் உருளைக்கிழங்கு தோண்டிக்கொண்டு திரும்புகிற நாள். வண்டி முழுக்க வாளியும் சாக்கும் மண் வாசமும். "அடுத்த நிறுத்தம் கண்ணாடி ஆலை" என்று ரிம்மா மைக்கில் சொன்னாள். அந்த நிறுத்தம் போய்விட்டிருந்தது. எப்போது போனது என்று அவளுக்குத் தெரியவில்லை. முதுகுக்குப் பின்னால் கண்ணாடியில் யாரோ வாளியின் பிடியால் டங் டங் என்று தட்டினார்கள். முன்னால் போய்க்கொண்டிருந்த டிராமின் பின்விளக்கு முகத்துக்கு நேரே பெரிதாக வந்துகொண்டிருந்தது. பிரேக் போட்டாள். தண்டவாளத்தில் மணல் கொட்டி, சக்கரம் கத்தி, இரண்டு வண்டிக்கும் நடுவில் ஒரு கை நீளம் இருக்கும்போது நின்றது.

வாளிக்காரி ஓட்டுநர் அறைக் கதவைத் திறந்து தலையை நீட்டினாள். "தாயீ, தூங்கணும்னா வீட்டுல போய்த் தூங்கு. என் உருளைக்கிழங்கு முழுசா வீடு போய்ச் சேரணும்."

அவள் யாரிடமும் புகார் சொல்லவில்லை. தன் நிறுத்தத்தில் இறங்கிப் போய்விட்டாள். ரிம்மா மட்டும், டிராம்கள் சுற்றித் திரும்புகிற கடைசி இடமான வளைவுக்கு வந்து சேர்ந்ததும் இருக்கையை விட்டு எழ முடியாமல் ஐந்து நிமிஷம் உட்கார்ந்திருந்தாள்.

வளைவில் வண்டிகளின் நேரத்தைக் குறித்து அனுப்புகிறவள் ஃபாயினா. குரலும் உடம்பும் பெரிது. மறைக்கிற ஆளில்லை, ஆனால் சொல்லக்கூடாததைச் சொல்ல மாட்டாள். ரிம்மா அவளிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னாள்.

"டிப்போ டாக்டர்கிட்டப் போகாத," என்றாள் ஃபாயினா. "மார்ச்சுல மருத்துவக் குழு உட்காரும். தூக்கத்துல மூச்சு நிக்குதுன்னு ஒரு வரி எழுதினாப் போதும், உன்ன வண்டிய விட்டு இறக்கிருவாங்க. ஆத்துக்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரியில மூச்சுப் பயிற்சி அறைன்னு ஒண்ணு இருக்கு. என் மச்சினனுக்கு இளைப்பு. அங்க போயித்தான் அவன் மருந்து டப்பாவ மேஜையில வெச்சுட்டு வெளிய போற அளவுக்கு வந்தான்."

"எனக்கு இளைப்பு இல்லையே. தூக்கந்தான்."

"மூச்சு மூச்சுதானே. போய்க் கேளு."

வண்டியை விட்டு இறங்கினால் அவள் எங்கே போவாள்? வேறு வேலை அவளுக்குத் தெரியாது. பதினெட்டு வயதில் கிராமத்துப் பால்பண்ணையிலிருந்து வந்து ஏறினவள். அந்த இருக்கையின் ஸ்ப்ரிங் அவள் எடைக்கு ஏற்ப இறங்கியிருந்தது.

பயிற்சி அறையின் நர்ஸ் நெல்லி கார்லொவ்னா. ரிம்மாவை விடப் பத்து வயது சின்னவள், ஆனால் கண்ணுக்குக் கீழே அதே கறுப்பு. ரிம்மா தன் இரவுகளைப் பற்றிக் கால் மணி நேரம் சொன்னாள். நெல்லி கார்லொவ்னா அவள் சொன்னதைக் கேட்டாளா என்றே தெரியவில்லை. வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால வாயைத் திறந்து ஒரு மடக்குக் காத்து குடிக்கிறீங்க. தெரியுமா?"

"இல்ல."

"இப்பக்கூடக் குடிச்சீங்க. என்ன வேலை பார்க்கிறீங்க?"

"டிராம் ஓட்டறேன்."

"நிறுத்தம் பேரெல்லாம் நீங்கதான் சொல்றீங்களா?"

அப்போதுதான் ரிம்மா யோசித்தாள். அவள் தடத்தில் ஒரு பக்கம் முப்பத்தொரு நிறுத்தம். "கவனம், கதவு மூடுகிறது. அடுத்த நிறுத்தம் இன்னது." ஒரு நாளைக்கு ஐந்து முறை போய்த் திரும்புவது. முந்நூறு தடவைக்கு மேல் வாய் வழியாக ஒரு பெரிய இழுப்பு. மைக் வைத்துப் பதினான்கு வருஷம் ஆகியிருந்தது. இப்போதெல்லாம் அவள் பேசாதபோதும், சும்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதும், வாய் பாதி திறந்தே இருந்தது.

"நான் தூக்கத்துக்கு ஏதாவது கொடுப்பீங்கன்னு வந்தேன்," என்றாள்.

"தூங்கும்போது உங்களுக்குப் பாடம் நடத்த முடியாதே. பகல்ல உடம்பு எதப் பழகுதோ அதத்தான் ராத்திரியில தானாச் செய்யும்னு இங்க நாங்க நம்பறோம். அதனால முழிச்சிருக்கும்போது பழக்கணும். வாய மூடுங்க. மூக்கால, சின்னதா, சத்தமில்லாம. பக்கத்துல உட்கார்ந்தவருக்கு நீங்க மூச்சு விடறதே தெரியக்கூடாது."

பிறகு அளவெடுத்தாள். சாதாரணமாக மூச்சை வெளியே விட்டு மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அடுத்த மூச்சு வேண்டும் என்று முதன்முதலாகத் தோன்றுகிற கணத்தில் விட்டுவிட வேண்டும். அதுவரை எத்தனை விநாடி என்று எண்ண வேண்டும்.

ஒன்பது.

"நல்லா இருக்கிறவங்களுக்கு நாற்பது வரும்னு சொல்வோம்," என்றாள் நெல்லி கார்லொவ்னா. "ஒரு நாளைக்கு மூணு தடவ அளந்து நோட்டுல எழுதுங்க. அடக்கிப் பிடிக்கக்கூடாது. இது போட்டி இல்ல."

ரிம்மா தலையாட்டினாள். ஆனால் போட்டி இல்லாத எதையும் எங்கள் யாருக்கும் செய்யத் தெரியாது.

வளைவில் ஏழு நிமிஷ ஓய்வு. மற்ற ஓட்டுநர்கள் சூரியகாந்தி விதை கொறிப்பார்கள். ரிம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்ப்பாள். ஃபாயினா தன் அறை ஜன்னலைத் திறந்து கத்துவாள்:

"என்ன யெகோரொவ்னா, நாங்க குளிச்சிட்டுத்தான் வந்திருக்கோம்! மூக்க விடு!"

முதல் பத்து நாள் நோட்டில் இருந்தது ஒன்பது, பத்து, ஒன்பது, ஒன்பது, பத்து, எட்டு. இரண்டாவது தடவை போனபோது ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். முகம் சூடானது. ஒன்பது, பத்து, எட்டு என்று ஒரு தாளை எங்கள் டிப்போவில் யாரும் யாரிடமும் கொடுத்ததில்லை. வாசலில் சிவப்புப் பலகையில் ஒவ்வொரு மாதமும் திட்டம் நிறைவேற்றியது நூறு சதவீதம், நூற்றிரண்டு, நூற்றுமூன்று. பாதி வண்டி பழுதாகிக் கிடந்த ஜனவரியிலும் நூற்றொன்று. அந்த எண்களைக் கீழே எழுதுகிற ஆளும் சரி, மேலே படிக்கிற ஆளும் சரி, ஒருவரையொருவர் அவமானப்படுத்த விரும்பியதில்லை.

அவள் அந்தத் தாளை நோட்டிலிருந்து கிழித்தெடுத்துப் பையில் போட்டுக்கொண்டு புதுத் தாளில் எழுதினாள். பத்து, பதினொன்று, பதினொன்று, பதின்மூன்று, பன்னிரண்டு, பதினைந்து. நடுவில் ஒரு பன்னிரண்டு இருந்தால்தான் நம்புகிற மாதிரி இருக்கும். இதை அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

"பரவாயில்ல," என்றாள் நெல்லி கார்லொவ்னா. சிரிக்கவில்லை, ஆனால் தோள் கொஞ்சம் தளர்ந்தது. அந்தத் தளர்வைப் பார்த்த பிறகு ரிம்மாவால் உண்மையான எண்ணுக்குத் திரும்ப முடியவில்லை.

அக்டோபர் கடைசியில் நோட்டு இருபதைத் தொட்டது. நவம்பர் புரட்சி விழாவுக்குள் இருபத்தைந்து. எழுதியதை முழுப் பொய்யாக விட மனமில்லாமல், எழுதின எண்ணை எட்ட அவள் வளைவில் உட்கார்ந்து அடக்கிப் பார்த்தாள். முகம் ஊதாவாகும், காது அடைக்கும். இருபத்தைந்தில் விடும்போது வாய் தானாகத் திறந்து, மைக்கில் கூட இழுக்காத அளவுக்கு ஒரு இழுப்பு இழுக்கும். நாள் முழுக்க வாயை மூடிப் பழகினது அந்த ஒரு நிமிஷத்தில் போய்விடும்.

நெல்லி கார்லொவ்னா நோட்டைப் பார்த்தாள். எண்ணுக்கு ஏற்ற அடுத்த பாடத்தைக் கொடுத்தாள். மூச்சை வெளியே விட்டு, மூக்கைப் பிடித்தபடி இருபது அடி நடக்க வேண்டும். பிறகு முப்பது அடி.

"முன்னயாவது ராத்திரிக்கு நாலஞ்சு தடவதான் எழுந்து வந்து உன்ன உலுக்குவேன்," என்றான் அர்சேனி. "இந்த வாரம் எண்ணவே முடியல. நீ அங்க என்னதான் கத்துக்கிட்டு வர்ற?"

"முன்னேற்றந்தான்," என்றாள். அதைச் சொல்லும்போது கொட்டாவி வந்தது.

டிசம்பரில் ஒரு மதியம், மைனஸ் இருபத்தெட்டு டிகிரி. ரிம்மா வளைவில் தண்டவாளத்தின் ஓரமாக மூக்கைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பதினேழாவது அடியில் பனி அவள் பக்கம் எழுந்து வந்தது. விழுந்தேன் என்று அவள் ஒப்புக்கொள்வதில்லை, உட்கார்ந்தேன் என்றுதான் சொல்வாள். ஃபாயினா மேல்கோட்டுப் போடாமலே ஓடி வந்து, அக்குளில் கை கொடுத்துத் தூக்கித் தன் அறைக்குள் கொண்டுபோய், மின்கணப்பின் பக்கம் உட்கார வைத்தாள்.

"எத்தன செகண்டு உனக்கு இப்ப?"

"முப்பத்தொண்ணு."

ஃபாயினா தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். மேஜை மேலிருந்த தன் நேரக்குறிப்புப் பதிவேட்டை விரலால் தட்டினாள்.

"இத பாரு ரிம்மா. பதினாறு வருஷமா எட்டு நிமிஷம் லேட்டா வர்ற வண்டிய ரெண்டு நிமிஷம்னு எழுதறவ நான். எங்கிட்டயே முப்பத்தொண்ணா? நிஜத்தச் சொல்லு."

ரிம்மா கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"பதினொண்ணு."

"ம்."

"சில நாள் பத்து."

"இதுல நீ யார ஏமாத்தறே? வண்டி நேரம்னா மேல இருக்கறவங்க கேக்கறாங்க, எழுதறோம். உன் மூக்க யாருடி கேட்டா?"

ரிம்மா சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. அழுகையும் வரவில்லை. அதற்குக்கூடத் தெம்பு வேண்டும். "அந்த நர்ஸ் முகத்தப் பார்த்தா எனக்கு ஒன்பதுன்னு சொல்ல வரல, ஃபாயா," என்றாள்.

அன்று வண்டியை மாற்று ஓட்டுநர் எடுத்துக்கொண்டார். தலைவலி என்று ஃபாயினா எழுதினாள். மறுநாள் விடுமுறை. ரிம்மா, பயிற்சிக்கு வரச் சொல்லாத நாளாக இருந்தும், ஆற்றைக் கடந்து பயிற்சி அறைக்குப் போனாள். நோட்டை மேஜையில் வைத்தாள். மேலே, பையில் கசங்கிக் கிடந்த அந்த முதல் தாளையும் வைத்தாள்.

நெல்லி கார்லொவ்னா இரண்டையும் படித்தாள்.

"நீங்க முப்பத்தொண்ணுன்னு நெனச்சு நடக்கச் சொன்னேன். பதினொண்ணுல நடக்கச் சொன்னா உடம்பு பதறும். பதறினா இன்னும் நிறையக் காத்து இழுக்கும். ரெண்டு மாசமா உங்கள நான் தப்பான பக்கம் தள்ளிக்கிட்டிருந்திருக்கேன்."

"தப்பு என்னோடது."

"அது இருக்கட்டும்." அவள் கண்ணாடியைக் கழற்றி மூக்கின் மேட்டைத் தேய்த்துக்கொண்டாள். "இந்த அறைய மூடிரலாம்னு பேசிக்கிட்டிருக்காங்க. பலன் காட்டுன்னு கேட்டாங்க. உங்க முப்பத்தொண்ணத்தான் காலாண்டு அறிக்கையில முதல் வரியா எழுதி அனுப்பியிருக்கேன்."

இருவரும் அந்த நோட்டைப் பார்த்தார்கள்.

"இப்ப என்ன செய்யறது?" என்றாள் ரிம்மா.

"அறிக்கை அங்க கெடக்கட்டும். நாம பதினொண்ணுலேர்ந்து ஆரம்பிப்போம். நடக்க வேணாம். அடக்க வேணாம். ஆனா ஒண்ணு. இந்தத் தூக்கத்தோட நீங்க வண்டி ஓட்டக்கூடாது. உங்க டிப்போவுக்கு நான் எழுதிப் போடப் போறதில்ல. நீங்களே சொல்லிருங்க."

"சொன்னா இறக்கிருவாங்க."

"ஆமா."

அந்த "ஆமா"வை ரிம்மா திரும்பி வருகிற வழி முழுக்கத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவள் வந்த டிராமை ஓட்டியது அறிமுகமில்லாத ஒரு இளம்பெண். ஜன்னலோரம் உட்கார்ந்து, அவள் மைக்கில் பேசுவதற்கு முன் இழுக்கிற மூச்சைக் கேட்டுக்கொண்டே வந்தாள். வாளிக்காரியின் நினைவு வந்தது.

மறுநாள் காலை ஐந்து மணி. வரிசையில் நான் அவளுக்கு இரண்டு ஆள் பின்னால் நின்றிருந்தேன். மணிக்கட்டை நீட்டினாள். ஊதினாள்.

"தூங்கினீங்களா?"

"இல்ல."

வெனியமீனின் பேனா ஏற்கனவே "நலம்" எழுதி முடித்திருந்தது. "அடுத்தவங்க," என்றார்.

"இல்லன்னு சொன்னேன், வெனியமீன் லூக்கிச். நான் தூங்கி ஆறு வருஷமாச்சு."

அவர் தலை நிமிர்ந்தது. அந்த ஜன்னலில் அவர் கண்ணின் நிறத்தை நாங்கள் பார்த்தது அன்றுதான். அடுத்து நின்றவரும் நகரவில்லை.

"யெகோரொவ்னா, யோசிச்சுப் பேசுங்க. இத எழுதினா 'நலம்'ங்கறத அடிக்கணும். இந்தப் புத்தகத்துல அடிச்சதே இல்ல."

"அடிங்க."

அடித்தார். அளவுகோல் வைத்து, ஒரே கோடாக.

அவளை மணல் அறைக்கு அனுப்பினார்கள். குளிர்காலத்தில் தண்டவாளம் பனி கட்டிக் கிடக்கும்போது பிரேக் பிடிக்க, சக்கரத்துக்கு முன்னால் காய்ந்த மணல் கொட்ட வேண்டும். அந்த மணலை அடுப்பில் வறுத்து, சலித்து, வண்டிகளுக்கு நிரப்புகிற அறை அது. யாரும் விரும்பிப் போகிற இடமில்லை. ஓட்டுநர்கள் வாளியோடு வந்து நின்று கேட்பார்கள்:

"யெகோரொவ்னா, அடுத்த நிறுத்தம் என்ன?"

பதில் வராது. வர முடியாது. வாயைத் திறந்தால் பல்லெல்லாம் மணல். மூன்று மடிப்புத் துணியை முகத்தில் கட்டிக்கொண்டு, வாயை இறுக்கி மூடி, மூக்கால் கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு விட்டால்தான் அங்கே நிற்க முடியும். வேகமாக வாரினால் மூச்சு வாங்கும், மூச்சு வாங்கினால் வாய் திறக்கும். அதனால் அவள் மெதுவாக வாரினாள். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், மார்ச் வரை. அந்தத் தூசி நெஞ்சுக்கு நல்லதா என்று நெல்லி கார்லொவ்னா கவலைப்பட்டாள், துணியைத் தினம் மாற்றச் சொன்னாள். வேறு இடம் இல்லை என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஓய்வில் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அளந்தாள். மூச்சு வேண்டும் என்று தோன்றியதும் விட்டாள். பதினொன்று. பதினொன்று. பத்து. பன்னிரண்டு. பதினொன்று. ஜனவரி முழுக்கப் பக்கம் அப்படியே இருந்தது. படிக்கிறவருக்கே தூக்கம் வரும். பிப்ரவரியில் பதினான்கு வந்தது, மூன்று நாள் கழித்துப் பதின்மூன்றாகிப் போனது. அவள் பதின்மூன்று என்றே எழுதினாள். கை ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தயங்கும் என்று பின்னால் சொன்னாள்.

பிப்ரவரி கடைசியில் ஒரு காலை, அர்சேனி முகம் வீங்கி சமையலறையிலிருந்து வந்தான்.

"என்ன ஆச்சு?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. நான் தூங்கிட்டேன். எண்ணிக்கிட்டே இருந்தேன், அது நிக்கல. நிக்கும் நிக்கும்னு பார்த்தேன். அப்படியே தூங்கிட்டேன்."

"அப்ப கட்டில உள்ள கொண்டு வா."

"இருக்கட்டும். இங்க அடுப்பு கதகதப்பா இருக்கு." கொஞ்சம் பொறுத்து, "பார்ப்போம்," என்றான்.

மார்ச்சில் மருத்துவக் குழுவின் முன்னால் நோட்டை வைத்தாள். பத்தொன்பது என்று முடிகிற அந்தப் பக்கங்கள் எதற்கு என்று அவர்களுக்குப் புரியவில்லை. இதயத்தைக் கேட்டார்கள், ரத்த அழுத்தம் பார்த்தார்கள், அர்சேனியை வரவழைத்து நடையில் நிற்க வைத்துக் கேள்வி கேட்டார்கள். வண்டி ஓட்டலாம், அரை நாள் முறை, மூன்று மாதம், ஒவ்வொரு வாரமும் காட்ட வேண்டும் என்று எழுதினார்கள். அவள் எதிர்பார்த்ததை விட அது கூடுதல். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து, மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டாள். சந்தோஷமா என்று கேட்டேன். "கால் வலிக்குது," என்றாள்.

முதல் நாள் அவள் வண்டியில் நானும் கொஞ்ச தூரம் போனேன். மைக்கைக் கையில் எடுத்தாள். இழுக்கவில்லை. இருந்த மூச்சிலேயே, "கண்ணாடி ஆலை," என்றாள். அவ்வளவுதான். பின்னால் ஒரு ஆள் முணுமுணுத்தார்: "கதவு மூடுதுன்னு சொல்ல மாட்டாங்களா? கையக் கடிச்சிருக்கும்."

வளைவில் ஃபாயினா ஜன்னலைத் திறந்து வைத்துக் காத்திருந்தாள்.

"எத்தன?"

ரிம்மா கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்தாள். "பத்தொன்பது."

"இருபதுன்னு போட்டுக்கடி. யாரு பார்க்கப் போறா?"

ரிம்மா பத்தொன்பது என்று எழுதி நோட்டை மூடினாள். ஃபாயினா அவள் வண்டி ஆறு நிமிஷம் தாமதம் என்பதைத் தன் பதிவேட்டில் இரண்டு என்று எழுதினாள்.

மறுநாள் காலை, கம்பௌண்டர் ஜன்னல்.

"தூங்கினீங்களா?"

மற்றவர்கள் போல அவள் உடனே சொல்லவில்லை. யோசித்தாள்.

"அஞ்சு மணி நேரம். ரெண்டு தடவ முழிச்சேன். தலை கனக்கல."

வெனியமீனின் பேனா காகிதத்துக்கு மேலே நின்றது. அந்தப் பதிவேட்டில் அதை எழுதுவதற்குக் கட்டம் இல்லை. "நலம்" என்று போடுகிற அகலம்தான். பின்னால் யாரோ, "சீக்கிரம் யெகோரொவ்னா, வண்டி உறையுது," என்றார்கள். அவர் புத்தகத்தைத் திருப்பி, ஓரத்தில் இருந்த வெள்ளையில் சின்ன எழுத்தாக அதை முழுக்க எழுதினார். அவர் எழுதி முடிக்கும் வரை அவள் நின்று பார்த்துவிட்டு, வண்டியை இயக்குகிற கைப்பிடியை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் போனாள்.